கூகுள் காலண்டர் ஏபிஐ: முதன்முறை கைவைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

ஓரளவு நிரல் எழுதத் தெரிந்து, கூகுள் காலண்டரைத் தங்கள் செயலியுடன் இணைக்க நினைப்பவர்களுக்காக இந்தப் பக்கம். பைத்தானை மனத்தில் வைத்துத்தான் எழுதியிருக்கிறேன். ஜாவா, நோட், பிஎச்பி, கோ என்று எதில் எழுதினாலும் சிக்கல்கள் இவைதான். நிகழ்வைச் சேர்க்கும் நிரல் பத்துப் பதினைந்து வரிகளில் முடிந்துவிடும். ஆட்களின் நேரத்தைத் தின்பவை இரண்டு: அனுமதி வாங்குவது, நேரத்தைச் சரியாகச் சொல்வது. ஆகவே பதில்களும் அங்கேதான் நீளும்.

இந்த ஏபிஐ என்ன செய்யும்?

உலாவியில் காலண்டரைத் திறந்து கையால் செய்கிற பெரும்பாலான வேலைகளை நிரல் வழியாகச் செய்ய வைக்கும். நிகழ்வு சேர்க்கலாம், திருத்தலாம், நீக்கலாம். யாருக்கு எந்த நேரம் ஓய்வு என்று பார்க்கலாம். காலண்டரை இன்னொருவருடன் பகிரலாம். உங்கள் நிரல் எச்டிடிபி கோரிக்கை அனுப்பும், கூகுள் ஜேசன் வடிவில் பதில் தரும். இப்போது நடப்பில் இருப்பது மூன்றாம் பதிப்பு. எக்ஸ்எம்எல்லை நம்பியிருந்த முந்தைய பதிப்புகளை 2014 நவம்பரில் மூடிவிட்டார்கள். தேடலில் கிடைக்கும் வழிகாட்டியில் அந்தப் பழைய பதிப்புகளுக்குரிய ‘ஜிடேட்டா’ என்ற பெயர் தென்பட்டால், மேலே படிக்காமல் அடுத்ததற்குப் போங்கள்.

எனக்கு ஏபிஐ கட்டாயம் தேவையா?

பல பேருக்குத் தேவையே இல்லை. இணையதளத்தில் நிகழ்ச்சி அட்டவணையைக் காட்டினால் போதும் என்றால், காலண்டரின் அமைப்புகளில் பொதிந்து காட்டும் வரி ஒன்று தயாராக இருக்கிறது. அதை நகலெடுத்து ஒட்டிவிடலாம். பள்ளித் தேர்வு அட்டவணை போன்ற ஒன்றை ஒரே ஒருமுறை ஏற்ற வேண்டும் என்றால் சிஎஸ்வி கோப்பை இறக்குமதி செய்யலாம். வேறொரு மென்பொருள் உங்கள் நிகழ்வுகளைப் படித்தால் மட்டும் போதும் என்றால், காலண்டருக்கென்று இருக்கும் ஐகால் (பிற மென்பொருள்களும் படிக்கும் காலண்டர் வடிவம்) முகவரியைக் கொடுத்துவிடலாம். அதில் ‘ரகசிய முகவரி’ என்று ஒன்று உண்டு. அதைக் கையில் வைத்திருக்கும் எவரும் உங்கள் காலண்டரைப் படிக்க முடியும் என்பதால் வாட்ஸாப் குழுவில் போடும் பொருள் அல்ல அது.

கூகுள் ஃபார்ம் அல்லது ஷீட்டில் விவரம் விழுந்ததும் காலண்டரில் நிகழ்வு உருவாக வேண்டும் என்பதுதான் உங்கள் தேவையா? கூகுளுக்குள்ளேயே நிரல் எழுதி ஓட்டும் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் போதும். அதற்குள் காலண்டர் சேவை உள்ளமைந்தே வருகிறது. கன்சோல், சாவிக் கோப்பு, சர்வர் எதுவும் வேண்டாம். டியூஷன் மையம், சிறு கிளினிக் போன்றவற்றுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதையே. திட்ட அமைப்பில் நேர மண்டலம் கொல்கத்தா என்று இருக்கிறதா என்பதை மட்டும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, ஏபிஐதான் வேண்டும். எதிலிருந்து தொடங்குவது?

நிரலைத் திறப்பதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் எழுதிக்கொள்ளுங்கள்: இது யாருடைய காலண்டர்? இதற்குத் தெளிவான பதில் இல்லாமல் தொடங்கியவர்கள்தான் பாதி வழியில் எல்லாவற்றையும் கலைத்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கிறார்கள்.

உலகமே பார்க்கும் பொதுக் காலண்டரைப் படிக்க மட்டும் வேண்டுமானால் ஏபிஐ சாவி போதும். உங்கள் செயலியைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரின் சொந்தக் காலண்டரையும் தொட வேண்டுமானால் ஓஆத் 2.0 என்ற அனுமதி முறை வழியாக அவரவரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். மண்டபத்தின் முன்பதிவுக் காலண்டர், அலுவலகக் கூட்ட அறையின் காலண்டர் போல, ஒரு நிறுவனத்துக்குச் சொந்தமான ஒரே காலண்டரைச் சர்வர் தானாகக் கையாள வேண்டுமானால் சர்வீஸ் அக்கவுண்ட், அதாவது மனிதருக்கு அல்லாமல் நிரலுக்கென்று இருக்கும் கணக்கு, பொருந்தும்.

ஏபிஐ சாவியால் எதையும் எழுத முடியாது; தனிப்பட்ட காலண்டரைப் படிக்கவும் முடியாது. “சாவி கொடுத்தும் 401 பிழை வருகிறதே” என்பவர்கள் பெரும்பாலும் சாவியிடம் அதன் வேலையல்லாததைக் கேட்கிறார்கள்.

கிளவுட் கன்சோலில் செய்ய வேண்டியவை என்ன?

கூகுள் கிளவுட் கன்சோலில் புதிய புராஜெக்ட் ஒன்றை உருவாக்குங்கள். ஏபிஐ நூலகத்தில் கூகுள் காலண்டர் ஏபிஐயைத் தேடி இயக்குங்கள். இதை மறந்துவிட்டால் முதல் கோரிக்கைக்கே 403 வரும். பிழைச் செய்தியிலேயே இயக்குவதற்கான இணைப்பும் இருக்கும், படித்தால் தெரியும். அடுத்தது ஒப்புதல் திரை: செயலியின் பெயர், தொடர்பு மின்னஞ்சல், யார் பயன்படுத்தலாம் என்ற விவரம். சாதாரண ஜிமெயில் கணக்கில் ‘எக்ஸ்டெர்னல்’ மட்டுமே கிடைக்கும். ‘இன்டெர்னல்’ என்பது கூகுளின் அலுவலகச் சேவையான வொர்க்ஸ்பேஸ் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு உரியது.

பிறகு ஓஆத் கிளையன்ட் ஐடி, அதாவது உங்கள் செயலியின் அடையாளம். உங்கள் கணினியில் ஓடும் சோதனை நிரலுக்கு ‘டெஸ்க்டாப்’ வகையைத் தேர்ந்தெடுங்கள். இணையதளத்துக்கு ‘வெப்’ வகை. உருவானதும் கிடைக்கும் ஜேசன் கோப்பை அப்போதே இறக்கிப் பத்திரப்படுத்துங்கள்.

கன்சோலின் முகம் அடிக்கடி மாறும். ஒரே பக்கமாக இருந்த ஒப்புதல் திரை இப்போது பிராண்டிங், ஆடியன்ஸ், கிளையன்ட்ஸ் என்று பிரிந்து கிடக்கிறது. வழிகாட்டியில் உள்ள படமும் உங்கள் திரையும் ஒத்துப்போகவில்லை என்றால் தவறு உங்களுடையது அல்ல. படத்தை விட்டுவிட்டுப் பெயர்களைத் தேடுங்கள்.

“கூகுள் இந்தச் செயலியைச் சரிபார்க்கவில்லை” என்று மிரட்டுகிறதே?

சோதனைக் கட்டத்தில் அப்படித்தான் வரும். செயலியை எழுதியவர் நீங்களே என்பதால் ‘அட்வான்ஸ்டு’ என்பதை அழுத்தி மேலே செல்லலாம். ஆனால் உள்ளேயே விடாமல் ‘ஆக்சஸ் பிளாக்டு’ என்று திருப்பி அனுப்பினால் காரணம் வேறு. செயலி ‘டெஸ்டிங்’ நிலையில் இருக்கும்போது, சோதனைப் பயனர் பட்டியலில் உள்ள மின்னஞ்சல்கள் மட்டுமே நுழைய முடியும். உங்கள் சொந்த மின்னஞ்சலையும் அதில் சேர்த்தாக வேண்டும். பட்டியலில் 100 பேர் வரை இடமுண்டு.

காலண்டர் அனுமதிகளில் பெரும்பாலானவற்றை கூகுள் ‘சென்சிடிவ்’ என்று வகைப்படுத்தியிருக்கிறது. பொதுமக்களுக்குத் திறந்துவிடும் முன் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். தனியுரிமைக் கொள்கைப் பக்கம், உங்களுக்குச் சொந்தமான இணைய முகவரி எல்லாம் கேட்பார்கள். வெளியீட்டுக்கு முந்தைய வாரம் நினைத்துக்கொள்ளும் வேலையாக இதை வைத்துக்கொள்ளாதீர்கள்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, ஒரு வாரத்தில் நின்றுவிட்டது. ஏன்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். ஓஆத் முறையில் இரண்டு டோக்கன்கள் (அனுமதிச் சீட்டுகள்) உண்டு. ஒவ்வொரு கோரிக்கையுடனும் போவது அக்சஸ் டோக்கன்; சுமார் ஒரு மணி நேரத்தில் அது காலாவதியாகும். புதிதாக ஒன்றை வாங்கித் தருவது ரெஃப்ரெஷ் டோக்கன். செயலி ‘எக்ஸ்டெர்னல்’ வகையாகவும் ‘டெஸ்டிங்’ நிலையிலும் இருந்தால் ரெஃப்ரெஷ் டோக்கனின் ஆயுள் ஏழு நாள்தான். எட்டாம் நாள் ‘இன்வேலிட் கிராண்ட்’ என்ற பிழை வரும். நிரலில் எந்தத் தவறும் இருக்காது, நீங்கள் வரிவரியாகத் தேடிக்கொண்டிருப்பீர்கள். ஒப்புதல் திரையில் நிலையை ‘இன் புரொடக்‌ஷன்’ என்று மாற்றிவிட்டு, மறுபடி ஒருமுறை ஒப்புதல் கொடுத்துப் புதிய டோக்கன் வாங்குங்கள். பழைய டோக்கனின் ஆயுள் தானாக நீளும் என்று காத்திருக்க வேண்டாம்.

வேறு காரணங்களும் உண்டு. ஆறு மாதம் பயன்படுத்தாமல் விட்ட ரெஃப்ரெஷ் டோக்கன் செல்லாது. பயனர் தன் கணக்கு அமைப்பில் போய் அனுமதியை ரத்து செய்திருக்கலாம். ஒரே பயனர் ஒரே கிளையன்ட் ஐடிக்கு நூறு டோக்கனுக்கு மேல் வாங்கினால் பழையவை சத்தமில்லாமல் கழன்றுவிடும். ஒவ்வொரு முறை நிரலை ஓட்டும்போதும் புதிதாக ஒப்புதல் கேட்கும்படி எழுதியவர்களுக்கு இது நேர்வதுண்டு.

ரெஃப்ரெஷ் டோக்கனே வரவில்லையே?

இணையதள வகைச் செயலியில் ‘அக்சஸ் டைப்’ என்பதை ‘ஆஃப்லைன்’ என்று குறிப்பிட்டால்தான் அது வரும். அப்படிக் குறிப்பிட்டாலும் பயனர் முதன்முறை ஒப்புதல் தரும்போது மட்டுமே வரும். அந்த வாய்ப்பில் சேமிக்கத் தவறியிருந்தால், ‘பிராம்ப்ட்’ என்பதில் ‘கன்சென்ட்’ என்று கொடுத்து ஒப்புதல் திரையை மீண்டும் வரவழைக்க வேண்டும்.

எந்த ஸ்கோப்பைக் கேட்பது?

ஸ்கோப் என்பது செயலி கேட்கும் அனுமதியின் அளவு. வேலைக்கு எவ்வளவு போதுமோ அவ்வளவு மட்டும். நிகழ்வுகளைப் படிக்க மட்டும் ஒன்று, நிகழ்வுகளைத் திருத்த ஒன்று, ஓய்வு நேரத்தை மட்டும் பார்க்க ஒன்று, பகிர்வு உள்பட எல்லாவற்றுக்கும் ஒன்று என்று தனித்தனியாக இருக்கின்றன. ஒப்புதல் திரையில் “உங்கள் எல்லாக் காலண்டர்களையும் நிரந்தரமாக நீக்கும்” என்ற பொருளில் ஒரு வரியைப் பார்த்தால் நானாக இருந்தாலும் பின்வாங்குவேன். உங்கள் பயனரும் அப்படித்தான்.

ஸ்கோப்பை மாற்றிய பிறகு, முன்பு சேமித்த டோக்கன் கோப்பை அழித்துவிட்டு மறுபடி ஒப்புதல் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் நிரல் பழைய அனுமதியோடுதான் ஓடும். அனுமதி போதவில்லை என்று 403 வந்துகொண்டே இருக்கும்.

சர்வீஸ் அக்கவுண்டில் எல்லாம் சரியாக ஓடுகிறது, ஆனால் என் காலண்டரில் எதுவும் தெரியவில்லை. எங்கே போகிறது?

சர்வீஸ் அக்கவுண்ட், நேற்று வேலைக்குச் சேர்ந்த ஊழியர் மாதிரி. அவருக்கென்று தனி மின்னஞ்சல், தனியாக வெற்று டைரி. ‘பிரைமரி’ என்ற காலண்டரில் எழுது என்றால் தன்னுடைய டைரியில்தான் எழுதுவார். அது உங்கள் திரைக்கு வராது; பிழையும் காட்டாது.

உங்கள் காலண்டரின் பகிர்வு அமைப்பில் அந்தச் சர்வீஸ் அக்கவுண்டின் மின்னஞ்சலைச் சேர்த்து, நிகழ்வுகளை மாற்றும் உரிமையைக் கொடுங்கள். நிரலில் ‘பிரைமரி’ என்பதை எடுத்துவிட்டு, அந்தக் காலண்டரின் ஐடியை இடுங்கள். இதற்குப் பிறகும் காலண்டர் பட்டியலைக் கேட்டால் அது காலியாகவே வரலாம். பகிர்ந்த காலண்டர் பட்டியலில் தானாக ஏறாது. ஐடியை நேரடியாகக் கொடுத்தால் திறக்கும். 404 வந்தால் ‘அப்படி ஒரு காலண்டர் இல்லை’ என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘உங்களுக்குக் காட்ட மாட்டேன்’ என்பதற்கும் அதே எண்தான்.

இன்னொரு வரம்பு: இந்த வகைக் கணக்கால் தானாக விருந்தினர்களை அழைக்க முடியாது. அதற்கு வொர்க்ஸ்பேஸ் நிர்வாகி, அந்த நிறுவனப் பயனர்களின் பெயரில் செயல்படும் உரிமையைத் தனியாக வழங்க வேண்டும். சாதாரண ஜிமெயில் கணக்கில் இதற்கு வழியில்லை. வாடிக்கையாளருக்கு அழைப்பு போக வேண்டும், கையில் ஜிமெயில்தான் இருக்கிறது என்றால் ஓஆத் பாதையே சரி.

காலை 10 மணிக்குப் போட்ட நிகழ்வு மாலை 3.30க்குக் காட்டுகிறது. என்ன தவறு?

ஐந்தரை மணி நேரம் தள்ளிப்போனால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம். இந்திய நேரத்தை எழுதிவிட்டு, கடைசியில் ‘இசட்’ எழுத்தைச் சேர்த்திருப்பீர்கள். அந்த எழுத்துக்கு உலகப் பொது நேரம் என்று பொருள். பழைய மாதிரி நிரல்கள் பலவற்றில் அது ஒட்டிக்கொண்டு வரும். நகலெடுக்கும்போது கண்ணில் படாது.

நேரத்தைச் சொல்ல இரண்டு முறைகள் ஏற்கப்படுகின்றன. நேரத்தோடு கூட்டல் 05:30 என்று சேர்ப்பது ஒன்று. நேரத்தை வெறுமனே எழுதி, ‘டைம்ஸோன்’ என்ற தனிப் புலத்தில் ‘ஏஷியா/கொல்கத்தா’ என்று மண்டலப் பெயரைக் கொடுப்பது மற்றொன்று. இரண்டும் இல்லாமல் வெறும் நேரத்தை அனுப்பினால் பிழை வரும். அது நல்லதுதான், தவறான நேரத்தில் அமைதியாகப் பதிவாவதைவிட முகத்துக்கு நேரே மறுப்பது மேல்.

பெயர் முறையையே பழகிக்கொள்ளுங்கள். இந்தியாவுக்குள் மட்டும் வேலை என்றால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, நம்மிடம் கோடைக்கால நேர மாற்றம் இல்லை. நியூ ஜெர்சியில் இருப்பவரோடு வாராந்தரக் கூட்டம் என்றதும் விளங்கிவிடும். அங்கே மார்ச்சில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போகும், நவம்பரில் பின்னே வரும். மீள்நிகழ்வு (மீண்டும் மீண்டும் வரும் நிகழ்வு) எந்த மண்டலப் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அந்த ஊர் நேரம் நிலையாக நிற்கும், மற்ற ஊர்க்காரர் மாறிக்கொள்ள வேண்டும். இதனால்தான் மீள்நிகழ்வுக்கு மண்டலப் பெயர் கட்டாயம்.

என் கணினியில் சரி, சர்வரில் மட்டும் தவறு என்றால், சர்வரின் கடிகாரம் பொது நேரத்தில் ஓடுகிறது என்று பொருள். ‘இப்போது’ என்று கேட்கும் இடத்தில் மண்டலத்தையும் சேர்த்துக் கேளுங்கள். நூலகம் இல்லாமல் முகவரியை நீங்களே கோப்பவராக இருந்தால் ஒரு நுணுக்கம்: 05:30க்கு முன்னுள்ள கூட்டல் குறி முகவரியில் இடைவெளியாக மாறிவிடும். அதைச் சதவீதக் குறியும் 2பி-யும் சேர்ந்த வடிவத்தில் எழுத வேண்டும்.

முழுநாள் நிகழ்வு ஒருநாள் குறைவாகத் தெரிகிறது.

முடிவுத் தேதி கணக்கில் சேராது. ஜனவரி 14 முதல் 16 வரை விடுமுறை என்றால், தொடக்கம் 14, முடிவு 17 என்று கொடுக்க வேண்டும். நேரமுள்ள நிகழ்வுக்கு ‘டேட்டைம்’ என்ற புலம், முழுநாளுக்கு ‘டேட்’ என்ற புலம். தொடக்கத்தில் ஒன்று, முடிவில் இன்னொன்று என்று கலக்கக் கூடாது. படிக்கும்போதும் இரண்டில் எது இருக்கிறது என்று பார்த்துப் படியுங்கள். முதல் முழுநாள் நிகழ்வு வந்ததும் விழுந்துவிடும் நிரல்கள் ஏராளம்.

பட்டியலில் வாராந்தர வகுப்பு ஒரே ஒருமுறை, அதுவும் பழைய தேதியோடு வருகிறதே?

இயல்பாக, மீள்நிகழ்வின் மூலப் பதிவு ஒன்றைத்தான் தருவார்கள். ஒவ்வொரு வாரமும் தனித்தனியாக வேண்டும் என்றால் ‘சிங்கிள் ஈவென்ட்ஸ்’ என்பதை உண்மை என்று அமையுங்கள். தொடக்க நேர வரிசையில் அடுக்குவதும் அப்போதுதான் கிடைக்கும்.

பட்டியலை எந்த நேரத்திலிருந்து எடுப்பது என்று சொல்லும் ‘டைம்மின்’, நிகழ்வு தொடங்கும் நேரத்தைப் பார்ப்பதில்லை, முடியும் நேரத்தைப் பார்க்கிறது. ஆகவே ஏற்கெனவே தொடங்கி இன்னும் முடியாத நிகழ்வும் பட்டியலில் வரும். ஒரு பக்கத்துக்கு இயல்பாக 250 நிகழ்வுகள், அதிகபட்சம் 2,500. அடுத்த பக்கத்துக்கான டோக்கன் வந்திருக்கிறதா என்று பார்க்காமல் விட்டால், வேலை அதிகமுள்ள மாதத்தில் மட்டும் சில நிகழ்வுகள் காணாமல் போகும். ஏன் என்று யாருக்கும் புரியாது.

அமாவாசை, பிரதோஷம், தமிழ் மாதப் பிறப்பு இவற்றை மீள்நிகழ்வாகப் போட முடியுமா?

ஒரே விதியாகப் போட முடியாது. மீள்நிகழ்வு விதிகள் ‘ஐகாலண்டர்’ என்ற பொதுத் தரத்திலிருந்து வருபவை. 1998இல் முதலில் வெளியாகி, 2009இல் ஆர்எஃப்சி 5545 என்று திருத்தி எழுதப்பட்டது அது. வாரந்தோறும் செவ்வாய், மாதத்தின் இரண்டாம் சனி, ஆண்டுதோறும் ஏப்ரல் 14 என்று ஆங்கில நாட்காட்டியில் சொல்லக்கூடியதை எல்லாம் அந்த விதி சொல்லும். திதியை அது அறியாது. ஏறத்தாழ 29 அல்லது 30 நாளுக்கு ஒருமுறை என்று குத்துமதிப்பாகப் போட்டால் சில மாதங்களிலேயே நழுவிவிடும்.

ஆண்டு முழுவதற்குமான தேதிகளைப் பஞ்சாங்கத்திலிருந்து எடுத்துத் தனித்தனி முழுநாள் நிகழ்வுகளாகச் சேர்ப்பதே நடைமுறை. ‘ஆர்டேட்’ என்ற வரியில் தேதிகளைக் கோத்து ஒரே நிகழ்வாகவும் தரலாம்; நேர்த்தியான வழிதான். ஆனாலும் ஒரு தேதியைத் திருத்த நேரும்போது தனித்தனி நிகழ்வுகள் தொல்லை தருவதில்லை. திருத்த நேரும் என்பதும் உறுதி: வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதமும் சில நாட்களில் ஒத்துப்போகாது, திதி இரண்டு நாளில் படர்ந்து கிடக்கும். எந்தக் கோயில், எந்தப் பஞ்சாங்கம் என்பதைக் கேட்டு முடிவு செய்தபின் நிரல் எழுதுங்கள்.

ஒரே முகூர்த்த நாளுக்கு இரண்டு பேர் பதிவு செய்தால் ஏபிஐ தடுக்குமா?

தடுக்காது. ஒரே நேரத்தில் எத்தனை நிகழ்வு வேண்டுமானாலும் காலண்டர் ஏற்றுக்கொள்ளும். ‘ஃப்ரீபிசி’ என்ற கோரிக்கையால் அந்த நேரம் காலியா என்று முன்கூட்டியே கேட்கலாம். யார் பெயரில் பதிவு என்ற விவரத்தை வெளியிடாமல் நிரம்பிய நேரங்களை மட்டும் அது தருவதால், பொதுமக்களுக்குக் காட்டவும் ஏற்றது. ஆனால் நீங்கள் கேட்பதற்கும் எழுதுவதற்கும் இடைப்பட்ட அந்த நொடியில் இன்னொருவர் நுழைந்துவிடலாம். தை மாத முகூர்த்தங்களுக்குப் பதிவு திறக்கும் அன்று அது கட்டாயம் நடக்கும்.

முன்பதிவுக்கு மூல ஆவணம் உங்கள் தரவுத்தளம்தான். ஒரே மண்டபம், ஒரே நாள் என்ற சேர்க்கை இரண்டாம் முறை வரக்கூடாது என்ற கட்டுப்பாட்டை அங்கே வைத்து, அங்கே உறுதியான பிறகே காலண்டருக்கு அனுப்புங்கள். காலண்டரைத் தரவுத்தளமாகவே வைத்துக்கொள்ளலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். பணம் கைமாறும் இடத்தில் அதற்கு இணங்க வேண்டாம்.

ஒரே நிகழ்வு இரண்டு முறை பதிவாகிவிடுகிறது.

நெட்வொர்க் தடங்கலில் பதில் வராமல், நிரல் மீண்டும் அனுப்பியிருக்கும். முதல் கோரிக்கை உண்மையில் போய்ச் சேர்ந்திருக்கும். நிகழ்வுக்கான ஐடியை நீங்களே கொடுத்துவிட்டால் இது தீரும். இரண்டாம் முறை அதே ஐடி போனால் 409 என்று மறுத்துவிடும். ஐடியில் ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் ஏ முதல் வி வரையும், 0 முதல் 9 வரையும் மட்டுமே அனுமதி. குறைந்தது 5 எழுத்து, அதிகபட்சம் 1,024. இடைக்கோடுகளை நீக்கிய யுயுஐடி (நிரல் உருவாக்கித் தரும் தனித்துவ அடையாளம்) இதற்குப் பொருந்தும். முன்பதிவை உருவாக்கும்போதே அதைத் தரவுத்தளத்தில் எழுதிவையுங்கள். நீக்கிய நிகழ்வின் ஐடியை மறுபடி சேர்க்கப் பார்த்தாலும் 409 வரும். நீக்கப்பட்டது ‘ரத்து’ என்ற நிலையில் இருக்கிறதே தவிர மறைந்துவிடவில்லை.

தலைப்பை மட்டும் மாற்றினேன், மற்ற விவரமெல்லாம் போய்விட்டது.

‘அப்டேட்’ முழு நிகழ்வையும் மாற்றி எழுதும். நீங்கள் அனுப்பாத புலம் காலி என்று கொள்ளப்படும். முதலில் நிகழ்வைப் படித்து, வேண்டியதை மாற்றி, முழுவதையும் திருப்பி அனுப்ப வேண்டும். ‘பேட்ச்’ கொடுத்ததை மட்டும் மாற்றும். ஆனால் விருந்தினர் பட்டியல் போன்ற வரிசைகளை அதுவும் முழுதாகத்தான் மாற்றும். ஒருவரைச் சேர்க்க அவர் பெயரை மட்டும் அனுப்பினால் மற்றவர்கள் அனைவரும் நீக்கப்படுவார்கள்.

விருந்தினரைச் சேர்த்தேன், மின்னஞ்சல் போகவில்லையே?

‘சென்ட்அப்டேட்ஸ்’ என்பதில் ‘ஆல்’ என்று கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மௌனமாகச் சேர்க்கும். சோதனை செய்யும்போது அந்த மௌனம்தான் உங்களைக் காப்பாற்றும்.

தலைப்பைத் தமிழில் எழுதலாமா?

தாராளமாக. தலைப்பு, விவரம், இடம் எல்லாம் யூனிகோடை ஏற்கும். கேள்விக்குறிகளாகத் தெரிந்தால் உங்கள் கோப்பின் குறியாக்கம் யுடிஎஃப்-8 தானா என்று பாருங்கள். பழைய திஸ்கி, பாமினி கோப்புகளிலிருந்து நிகழ்ச்சி நிரலை எடுப்பவர்கள் முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட வேண்டும்.

காலண்டரில் யாராவது மாற்றினால் எனக்கு எப்படித் தெரியும்?

முதல்முறை முழுப் பட்டியலையும் எடுத்தால் கடைசிப் பக்கத்தில் ஒரு சிங்க் டோக்கன் கிடைக்கும். அடுத்த முறை அதைக் கொடுத்துக் கேட்டால் இடையில் மாறியவை மட்டும் வரும், நீக்கப்பட்டவையும் சேர்ந்து. சில சமயம் 410 என்று பதில் வரும். டோக்கன் காலாவதி என்று பொருள். சேமித்ததை அழித்துவிட்டு முழுவதையும் மறுபடி எடுக்க வேண்டும். இந்த நிலையைக் கையாளாத நிரல் என்றாவது ஒருநாள் நிற்கும்.

உடனுக்குடன் தெரிய வேண்டுமானால் ‘வாட்ச்’ கோரிக்கையால் ஓர் அறிவிப்புத் தடம் திறக்கலாம். உங்கள் சர்வருக்கு முறையான சான்றிதழுடன் கூடிய எச்டிடிபிஎஸ் முகவரி வேண்டும். நீங்களே கையெழுத்திட்ட சான்றிதழ் ஆகாது. வரும் அறிவிப்பில் “ஏதோ மாறியிருக்கிறது” என்பதைத் தவிர விவரம் இருக்காது. என்ன மாறியது என்பதை சிங்க் டோக்கனைக் கொண்டுதான் கேட்க வேண்டும். தடத்துக்கும் காலாவதி உண்டு, அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. சிறிய செயலிக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சிங்க் டோக்கனோடு கேட்பதே போதும் என்பது என் கருத்து.

பணம் கட்ட வேண்டுமா? வரம்பு உண்டா?

தொடங்கிப் பழக எந்தக் கட்டணமும் இல்லை, கடன் அட்டையும் கேட்க மாட்டார்கள். புராஜெக்டுக்கும் பயனருக்கும் நிமிடக் கணக்கில் வரம்பு உண்டு. கன்சோலின் கோட்டா பக்கத்தில் உங்களுக்கான எண்ணிக்கையைப் பார்க்கலாம். மீறினால் 403 அல்லது 429 வரும். அப்போது உடனே மறுபடி அனுப்பாமல், ஒரு நொடி, இரண்டு நொடி, நான்கு நொடி என்று இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போங்கள்; அதோடு சிறிது தற்செயல் நேரத்தையும் கூட்டுங்கள். சரியாக நள்ளிரவு 12 மணிக்கு எல்லாப் பயனரின் காலண்டரையும் புதுப்பிக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். எல்லோரும் அதே மணியைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

ஜேசன் கோப்பை கிட்ஹப்பில் ஏற்றிவிட்டேன். நீக்கினால் போதுமா?

போதாது. பழைய பதிவுகளின் வரலாற்றில் அது இருந்துகொண்டேதான் இருக்கும். கன்சோலில் அந்தச் சாவியையே ரத்து செய்துவிட்டுப் புதிது உருவாக்குங்கள், அதன்பிறகு கோப்பின் பெயரை ‘கிட்இக்னோர்’ பட்டியலில் சேருங்கள். டோக்கன் கோப்பும் அப்படியே: அதை வைத்திருப்பவர் உங்கள் கடவுச்சொல் இல்லாமலே காலண்டருக்குள் நுழையலாம்.

என் சொந்தக் காலண்டரில் சோதனை செய்யலாமா?

வேண்டாம். உங்கள் கணக்கிலேயே ‘சோதனை’ என்ற பெயரில் இரண்டாவது காலண்டர் ஒன்றை உருவாக்கி, அதன் ஐடியை மட்டும் நிரலில் கொடுங்கள். சோதனை முடிந்ததும் அந்தக் காலண்டரையே நீக்கிவிட்டால் குப்பை மிஞ்சாது. நிகழ்வுகளைத் துடைப்பதற்கு ‘கிளியர்’ என்று ஒரு கட்டளை ஆவணத்தில் கண்ணில் படும்; பார்த்ததும் கை துறுதுறுக்கும். அது முதன்மைக் காலண்டரில் உள்ள எல்லா நிகழ்வுகளையும் அழிப்பதற்கான கட்டளை. இரண்டாம் நிலைக் காலண்டருக்கு ‘டெலீட்’ என்பதைப் பயன்படுத்துங்கள், ஐடியை ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டு.